நான் சின்னதாக்கிய கலியாணம்

கழுத்தில் ஒரு நல்ல கமரா தொங்கினால் போதும், அந்த மனிதனுக்குப் படமெடுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

என்னிடம் அப்படியொரு கமரா இருந்தது. பேர்ன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகள் விட்டுப் போன கட்டில்களைக் கழுவித் துடைத்துத் திரும்ப வார்டுக்கு அனுப்புகிற பகுதியில் எனக்கு வேலை. என்னோடு வேலை செய்த போர்த்துக்கல்காரர் ஒருவர் ஊரோடு திரும்பிப் போகும்போது தன் கமராவை எனக்கு விற்றுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் எதிலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வெட்டிய கேக்கைத் திரும்ப ஒட்டவைத்து, "ஒருக்கா திருப்பி வெட்டுங்கோ, இஞ்சால பாத்து" என்று சொல்லிக்கொண்டே நிற்பேன். சனம் பொறுத்துக்கொண்டது.

என் மனைவி கலாவின் தங்கை துளசிக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அரவிந்த், கோயம்புத்தூர்ப் பொடியன், சூரிச்சில் மென்பொருள் எழுதுகிற வேலை. பேர்னுக்கும் சூரிச்சுக்கும் இடையில் ஓடுகிற ரயிலில் இருவரும் தாங்களாகவே பார்த்துப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். முதலில் இங்கே பதிவுத் திருமணம், அடுத்த வருடம் ஊரில், கொக்குவிலில், கோயில் கலியாணம் என்று ஏற்பாடு.

துளசியின் அம்மா, அதாவது என் மாமி, கொக்குவிலில் இருக்கிறார். பதிவுத் திருமணத்துக்கு வர விசா கேட்டோம், மறுத்துவிட்டார்கள். மாமி போனில் அழுதார். மாமி அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. அந்தப் பதற்றத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"மாமி, நீங்க ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ. நான் இருக்கிறன். நாங்கள் இஞ்ச மத்தியானச் சாப்பாடு முடிக்க முன்னம் கலியாணப் படம் முழுக்க உங்கட போனில நிக்கும்."

"ஓம் தம்பி. ஆனா போன தடவை நீங்க போட்ட பிறந்தநாள் படம் ஒண்டும் திறக்கேல்லை. ஒரு வட்டம் மட்டும் சுத்திக்கொண்டு நிண்டது."

உண்மைதான். குடும்பத்துக்கென்று இணையத்தில் நானே ஒரு படப்பக்கம் உருவாக்கியிருந்தேன். கொக்குவில், ரொறன்ரோ, லண்டன் எல்லா இடத்துச் சொந்தக்காரர்களும் அதில்தான் படம் பார்ப்பார்கள். என் கமராவில் எடுக்கும் படமோ ஆறாயிரம் புள்ளி அகலம். மாமியின் பழைய போன் அதைத் தூக்க முடியாமல் மூச்சுத் திணறியது. ஆக, படங்களைச் சின்னதாக்கிப் போட ஒரு மென்பொருள் தேவை.

வீட்டில் மென்பொருள் எழுதுகிறவனே மாப்பிள்ளையாக வருகிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (கேட்டால் மூத்த மருமகனுக்கு என்ன மரியாதை?) நானே தேடினேன்.

முதலில் இறக்கியது, காசு கட்டினால்தான் முழுதாக வேலை செய்யும் சாதி. சோதனைக்கு ஒரு படத்தைச் சின்னதாக்கினேன். வந்த படத்தில், துளசியின் நெற்றிக்குக் குறுக்கே 'மாதிரி' என்று கொட்டை எழுத்து. பெண் பார்க்க வந்தவர்கள் முத்திரை குத்திவிட்டுப் போனது போல இருந்தது. அடுத்தது, படத்தை ஒரு இணையதளத்துக்கு ஏற்றினால் அவர்கள் சின்னதாக்கித் திருப்பித் தருவார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தை எந்த நாட்டிலோ இருக்கிற முகம் தெரியாதவனிடம் கொடுப்பதா என்று அதையும் விட்டேன். மூன்றாவதைத் திறந்தபோது விமானம் ஓட்டுகிற அறைக்குள் தவறி நுழைந்துவிட்ட உணர்வு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இன்னும் பத்துப் பொத்தான்கள் முளைத்தன.

கடைசியில் ஒன்று கிடைத்தது. இலவசம், ஜெர்மன் மொழியில் மட்டும். 'மிக எளிது' என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். பால்கனியில் நின்ற தக்காளிச் செடியை ஒரு படமெடுத்துச் சோதித்தேன். அழகாகச் சின்னதானது. ஒரேயடியாக ஒரு கோப்புறைப் படங்கள் முழுவதையும் சின்னதாக்குகிற வசதியும் இருந்தது. அதை நான் சோதிக்கவில்லை. ஒன்று வேலை செய்தால் எல்லாம் வேலை செய்யும்தானே.

கலா மட்டும் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, அரவிந்திட்ட ஒருக்கா காட்டுங்கோவன்?"

"நான் ஜெர்மன் சோதினை பாஸ் பண்ணின ஆள்" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பில்லை என்பது அப்போது எனக்குப் படவில்லை.

கலியாண நாள், வெள்ளிக்கிழமை காலை. பேர்னுக்குப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றின் பதிவு அலுவலக மண்டபம். நாங்கள் ஒரு இருபது பேர். வாசலில் நின்று நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஒரு துணிப் பையை விரித்துப் பிடித்து, எல்லோருடைய போனையும் அதற்குள் போடச் சொன்னேன்.

"ஆளாளுக்கு போனைத் தூக்கினா என்ர படத்தில போன்தான் விழும். எல்லாரும் போடுங்கோ."

அரவிந்த் தயங்கினான். "அண்ணா, ஒண்ணு ரெண்டு செல்ஃபி மட்டும் எடுத்துக்கறேனுங்களே?"

"தம்பி, இண்டைக்கு நீங்க மாப்பிள்ளை. மாப்பிள்ளையா மட்டும் நில்லுங்கோ."

துளசி என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அத்தான், அம்மாவுக்கு வீடியோ கோல் எண்டாலும் போடுவமே?"

"உடைஞ்சு உடைஞ்சு வாற வீடியோ என்னத்துக்கு? நான் எடுக்கிற படத்தைப் பாத்தா மாமிக்கு இஞ்ச நிண்டமாதிரி இருக்கும்."

அவள் போனையும் பைக்குள் போட்டாள்.

முன்வரிசையில் ஒரு கதிரையை மாமிக்காகக் காலியாக விட்டிருந்தோம். பதிவு அலுவலர் அம்மையார் வாசிக்க வேண்டியதை வாசித்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், இருவரும் ஜெர்மனில் 'யா', ஆம், என்றார்கள். கையெழுத்துப் போடக் குனிந்த துளசி, பேனாவை எடுத்த பிறகு ஒரு கணம் தலை நிமிர்ந்து அந்தக் காலிக் கதிரையைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. நான் அழுத்தினேன். என் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். கமராவின் பின்திரையில் அதை இரண்டு தரம் பார்த்தேன்.

மத்தியானம் எல்லோரும் போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் வராததுமாகப் படங்களை மடிக்கணினிக்கு மாற்றினேன். பிரதி எடுக்கவில்லை, கமராவின் நினைவக அட்டையிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டினேன். அட்டை காலியானால் சாப்பாட்டை வீடியோ எடுக்கலாமே! எடுத்தேன். ஆட்டிறைச்சிக் கறியை எல்லாப் பக்கத்தாலும் எடுத்தேன். பிறகு அறைக்குள் போய் மென்பொருளைத் திறந்தேன். அதற்குள் மாமியின் அழைப்பு வந்துவிட்டது.

"தம்பி, பக்கத்து வீட்டு ஆக்களும் வந்து இருக்கினம். படம் வந்திட்டுதோ?"

"இந்தா வருது மாமி."

எத்தனை சதவீதம் என்று மென்பொருள் கேட்டது. பத்தில் ஒரு பங்கு போதும் என்று பத்து என்று அடித்தேன். அதன் கீழே ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் 'மூலப்படங்களை ஊபர்ஷ்ரைபன்' என்று ஜெர்மனில் ஒரு வரி. யோசித்தேன். 'ஊபர்ஷ்ரிஃப்ட்' என்றால் தலைப்பு. அது வகுப்பில் படித்தது. அப்படியானால் ஊபர்ஷ்ரைபன் என்றால் தலைப்பு எழுதுவது. படங்களுக்குத் தலைப்பும் போட்டுத் தருகிறானா! என்ன நல்ல மனிதர்கள் என்று எண்ணிக்கொண்டு பெட்டியில் சரி போட்டேன்.

ஊபர்ஷ்ரைபன் என்றால் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதுவது என்பதை அன்று மாலைக்குள் நான் மறக்கமுடியாதபடி கற்றுக்கொள்ளவிருந்தேன்.

பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு மெதுவாக ஓடி 'முடிந்தது' என்றது. சின்னப் படங்கள் இருக்கும் புதிய கோப்புறையைத் தேடினேன். இல்லை. மேசைத்திரையில் இல்லை, வேறெங்கும் இல்லை. வெளியே கலா, "அம்மா திருப்பியும் எடுக்கிறா" என்றாள். வேலை செய்யவில்லை போல என்று மறுபடியும் அழுத்தினேன். இந்தத் தடவை கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. (மென்பொருளுக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.)

அதன் பிறகுதான், மாற்றிய படங்கள் அதே கோப்புறையில் அதே பெயரோடு இருப்பது தெரிந்தது. ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. அப்படியே வழித்து இணையப் பக்கத்தில் ஏற்றினேன். அத்தனையும் ஒரு நொடியில் ஏறின. பெருமையோடு வரவேற்பறைக்கு வந்து, "போட்டாச்சு!" என்று அறிவித்தேன். கை தட்டினார்கள்.

முதல் அழைப்பு ரொறன்ரோப் பெரியப்பாவிடமிருந்து. "தம்பி, இது கலியாணமோ, குறுக்கெழுத்துப் போட்டியோ?"

எனக்கு விளங்கவில்லை. அடுத்தது மாமி. எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஓம் தம்பி, வந்திட்டுது. உடன திறந்தது. நல்ல வடிவா இருக்கு." பிறகு கேட்டார்: "அந்தச் சிவப்பாத் தெரியிறது துளசியோ, மேசை விரிப்போ?"

அரவிந்த் தன் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து அறைக்குள் போனான். நானும் பின்னால் போனேன்.

"அண்ணா, இது அறுபது புள்ளிதானுங்க அகலம் இருக்கு. ஒரிஜினல் எங்க?"

"அதுதான் இது."

"இல்லீங்கண்ணா, கேமராவுல எடுத்த பெரிய படம்."

"அதுதான்... இது."

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பத் திரையைப் பார்த்தான். ஆறாயிரம் புள்ளி முதல் அழுத்தலில் அறுநூறாகியிருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால்கூட மாமி முகம் பார்த்திருப்பார். இரண்டாவது அழுத்தலில் அறுபது. தபால்தலைகூட அதைவிடப் பெரிது.

"பரவால்லீங்க, மெமரி கார்டுல இருந்து மீட்கலாம். அதுக்கப்புறம் கார்டுல எதுவும் எடுக்கலைதானுங்களே?"

கதவருகே நின்ற கலா, "ஆட்டிறைச்சியை அரை மணித்தியாலம் எடுத்தவர்" என்றாள்.

அரவிந்த் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். கலியாணம் முடித்த அன்று மாப்பிள்ளை, கழுத்துப் பட்டியோடு, ஏதோ மீட்பு மென்பொருளை ஓடவிட்டுக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் துளசி. அவளுக்குப் பின்னால், மூச்சுவிடாமல், வந்தவர்கள் அத்தனை பேரும். நான் சுவரோடு சுவராக நின்றேன். ஒவ்வொரு படமாக வந்தது. பாதி சாம்பல், பாதி ஆட்டிறைச்சி. ஒன்றில் அரவிந்தின் ஒரு காது மட்டும். முழுதாகப் பிழைத்த ஒரேயொரு படம், காலையில் நான் வெளிச்சம் பார்க்க எடுத்த என் காலில் கிடந்த சப்பாத்து. அவ்வளவு கூர்மை. நூல்கூடத் தெரிந்தது.

"அந்தக் கதிரைப் படம்?" என்று துளசி கேட்டாள். நான் எடுத்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

அரவிந்த் தலையை ஆட்டினான். துளசி போய்ப் பால்கனியில் நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மாமிக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன். மாமி, "பரவாயில்லை தம்பி, மனத்தால பாத்திட்டன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. குளியலறையில் போய் நின்றேன். அங்கே கண்ணாடி இருந்தது, அதுவும் சரிவரவில்லை.

திங்கட்கிழமை வேலையிடத்தில் லீவு சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அதே அம்மையார் இருந்தார். இரவெல்லாம் உருப்போட்டு வைத்த ஜெர்மன் வசனம் அவரைக் கண்டதும் சிதறியது.

"வணக்கம். தயவுசெய்து, இன்னொருமுறை கலியாணம்."

அவர் என் மோதிரத்தைப் பார்த்தார். "நீங்கள் ஏற்கனவே திருமணமானவரா?"

"ஓம்."

"விவாகரத்து ஆகிவிட்டதா?"

"இல்லை, இல்லை. மனைவி வீட்டில் இருக்கிறா. அவவுக்கும் இது தெரியும். அவதான் அனுப்பினவ."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஐயா, இந்த நாட்டில் ஒரு நேரத்தில் ஒரு மனைவிதான்" என்று குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பேசினால் இன்னும் சிக்கிவிடுவேன் என்று போனில் படங்களைக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்கச் சதுரங்கள்தான் வந்தன. "இது நானா?" என்று ஒரு சாம்பல் சதுரத்தைத் தொட்டுக் கேட்டார். ஓம் என்றேன். அதன் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சட்டப்படி இன்னொரு தடவை மணம் முடித்துவைக்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு கலியாணங்களுக்கு நடுவில் மண்டபம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். "நான் வந்து நிற்கிறேன். வாயை மட்டும் அசைப்பேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. துளசிக்குப் பாதி நாள் லீவுதான் கிடைத்தது. சேலையைக் கழுவக் கொடுத்த கடை திறக்கப் பிந்தியது. ஒருநாளும் பிந்தாத சூரிச் ரயில் அன்று பிந்தியது. முந்திய கலியாணக்காரர் மண்டபத்தை விட்டு வெளியே வந்து முத்தம் கொடுத்து முடிகிற பாடில்லை. நான் வாசலுக்கும் வீதிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அரவிந்த் ஓடிவந்து, கழுத்துப் பட்டியைக் கட்டியபடியே உள்ளே நுழைந்தான்.

இந்தத் தடவை பையை விரிப்பவர் யாருமில்லை. ஆளுக்கொரு போன். நான் கமராவைத் தூக்கியதும் துளசி என்னைப் பார்த்தாள். "அத்தான், நீங்களும் எடுங்கோ. ஆனா எல்லாரும் எடுக்கட்டும்." பிறகு தன் போனில் அம்மாவை அழைத்து, அதை முன்வரிசைக் கதிரையில் சாய்த்து வைத்தாள். திரையில் மாமியும் கொக்குவில் அயலட்டைச் சனமும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அம்மையார் வாயை அசைத்தார். துளசி பேனாவோடு நிமிர்ந்து கதிரையைப் பார்த்தாள், இம்முறை சிரித்தாள். நான் எடுத்தேன். அரவிந்த் அந்தக் கணமே என் அட்டையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அடுத்த கலியாணக்காரர் வந்துவிட்டார்கள். நாங்கள் அவசரமாகக் கிளம்பினோம். கலா கதிரையிலிருந்த போனை எடுத்து, மாமிக்கும் தெரியட்டும் என்று முன்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். துளசியும் அரவிந்தும் கதவைத் தள்ளித் திறந்தார்கள்.

வெளியே ஒரு விசில் சத்தம். இரண்டு பக்கமும் சீருடையும் தலைக்கவசமும் அணிந்த தீயணைப்புப் படை. குழாய்கள் மேலே உயர்ந்தன, தண்ணீர் வளைவாகப் பாய்ந்தது, பின்னால் நின்ற சிவப்பு வண்டி சைரன் அடித்தது. அடுத்த மாப்பிள்ளை அந்த ஊர்த் தீயணைப்புக்காரராம். அவரும் பெண்ணும் உள்ளே போவதற்குக் காத்திருந்த நேரத்தில், கூட்டாளிகள் ஒத்திகை பார்த்து நின்றிருக்கிறார்கள். கதவு திறந்ததும் விசில்காரர் முகத்தைப் பார்க்காமல் ஊதிவிட்டார்.

துளசி உறைந்து நின்றாள். தண்ணீர் அரவிந்தின் தலையில் கொட்டியது. பிறகு தீயணைப்புக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். நிறுத்தவில்லை, இன்னும் உயரமாகப் பிடித்து, நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். உண்மையான மாப்பிள்ளை ஓடிவந்து தன் தலைக்கவசத்தைக் கழற்றி அரவிந்தின் தலையில் வைத்தார். இருவரும் நனைந்து நனைந்து, சிரித்துச் சிரித்து அந்த வளைவுக்குள்ளால் நடந்தார்கள். எங்கள் சனம் முழுவதும் எடுத்துத் தள்ளியது.

கலாவின் கையிலிருந்த போனில் மாமியின் குரல்: "கடவுளே, இவ்வளவும் எங்கட துளசிக்கோ?"

பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசினார், மாமி வீட்டில் இல்லை. ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லப் போய்விட்டார்.

அன்று மாலை அரவிந்த் படங்களைப் போட என் இணையப் பக்கத்தைத் திறந்தான். சற்று நேரம் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "அண்ணா, இந்தப் பக்கமே படத்தைத் தானா சின்னதாக்கிக் காட்டும். அதை யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்களே?"

தரம் குறையக்கூடாது என்று நான்தான் நிறுத்தியிருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குத் தனி மரியாதை. யாருக்காவது எடை கூடிவிட்டால், "நேசன் அத்தானிட்டக் குடுங்கோ, ரெண்டு தரம் அமத்துவார்" என்கிறார்கள். என் சம்பளத்தைப் பற்றிக் கலா சொல்வதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வருடம் கோயில் கலியாணத்துக்குக் கொக்குவில் போனோம். மாமி வீட்டு முன்னறையில், சட்டம் போட்டு, கதவைப் போல ஒரு படம் தொங்கியது: தண்ணீர் வளைவுக்குள் துளசி, தலைக்கவசத்தோடு அரவிந்த், இருபுறமும் தீயணைப்புப் படை. மாமிக்கு உண்மையைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மாமியோடு சேர்ந்து அயலட்டை முழுக்க, அரவிந்த் கணினி வேலையோடு சுவிஸ் தீயணைப்புப் படையிலும் பெரிய ஆள் என்று நம்பியிருந்தது.

கலியாணத்தன்று ஐயர் ஓமத்தில் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டார். நெருப்பு குப்பென்று எழுந்தது, மண்டபம் முழுக்கப் புகை. முன்வரிசைச் சனம் பதறி எழும்பியது. மாமி மட்டும் அசையவில்லை. திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒருத்தரும் பயப்படாதேங்கோ, இருங்கோ. மாப்பிள்ளை பக்கத்திலதானே இருக்கிறார்."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள்.